வராத மாநிலத்துக்கு நான்தான் பிரதிநிதி

ஒசூர் தாண்டி, மாநில எல்லைச் செக்போஸ்ட்டில் அப்பாவின் லாரி நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஆம்பூரிலிருந்து ஷூ பெட்டிகள் ஏற்றிய லோடு. செமஸ்டர் லீவு என்பதால் நானும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தேன். முன்னால் லாரி, பின்னால் லாரி, பக்கத்தில் வெள்ளரிக்காய் விற்கும் பெண்மணி. கையில் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துவந்த மெல்லிய புத்தகம் ஒன்று, அமெரிக்க அரசாங்கம் உருவான விதம் பற்றியது. எம்.ஏ. பொலிடிகல் சயின்ஸில் அந்தப் பேப்பர் எனக்கு வேப்பங்காய்.

சரியாக அந்த இடத்தில்தான் புத்தகத்தில் இந்தப் பக்கம் வந்தது. ஆங்கிலேயனை விரட்டிய கையோடு பதின்மூன்று மாநிலங்களும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றனவாம். கனெக்டிகட்டிலிருந்து வரும் விறகுக்கு நியூயார்க் வரி போட்டது. பக்கத்து மாநிலத்துக் காய்கறிப் படகையும் விடவில்லை. இப்படியே போனால் நாடு தேறாது என்றுதான் பிலடெல்பியாவில் கூடி அரசியல் சட்டம் எழுதினார்கள்.

தலையைத் தூக்கினேன். முன்னால் செக்போஸ்ட் கம்பம்.

"அப்பா, அமெரிக்காலயும் ஒரு காலத்துல இப்பிடித்தான் நிறுத்தி வச்சிருந்தாங்களாம்பா. விறகு வண்டிய."

அப்பா பீடியைத் தூக்கி எறிந்தார். "அட, அவனும் நம்மாளுதான்னு சொல்லு. அப்புறம் என்ன பண்ணானாம்?"

அப்புறம் என்ன பண்ணானாம்! இரண்டு வருஷமாக எந்தப் பேராசிரியரும் என்னிடம் கேட்காத கேள்வி. அங்கேயே, டீசல் வாடையில், முடிவு செய்தேன்: இதை உருப்படியாகப் படிக்க வேண்டும்.

அடுத்த மாதமே வழி திறந்தது. பெங்களூரில் ஒரு கல்வி நிறுவனம் பத்து நாள் வகுப்பு நடத்துகிறது. தலைப்பு, அமெரிக்க அரசாங்கத்தின் அடித்தளமும் கூட்டாட்சியும். கடைசி இரண்டு நாள், பிலடெல்பியா மாநாட்டை மாணவர்களே நடித்துக் காட்ட வேண்டும். அதில் மேலாகப் பேசும் ஒருவருக்கு அமெரிக்காவில் ஆறு வாரப் படிப்பு, விமானச் செலவு உட்பட. என் வீட்டில் எல்லாரும் விமானத்தைக் கழுத்தை வளைத்துப் பார்த்ததோடு சரி. அந்த ஒரு இடம் எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வெறியோடு வேண்டும்.

தங்கியது பொம்மனஹள்ளியில், பெரியம்மா மகள் மல்லிகா அக்கா வீட்டில். எட்டு லைன் வீடுகள், நடுவில் ஒரு முற்றம், முற்றத்துக்குக் கீழே சம்ப். தண்ணீர் லாரி வந்து அந்த நிலத்தடித் தொட்டியில் கொட்டிவிட்டுப் போகும்; எட்டு வீடும் அதிலிருந்துதான் இறைத்துக்கொள்ள வேண்டும். அக்கா கார்மென்ட்ஸில் தையல் லைனில் இருக்கிறாள். அவள் கணவர் சேகர் மாமா ஒரு கம்பெனிக் கிடங்கில் சுமை வண்டி ஓட்டுகிறார். ஒரே பெண், இரண்டாம் வகுப்பு.

முதல் நாளே பஸ் என்னைக் கவிழ்த்தது. நம்பர் சரி, நிறம் சரி. ஊர்ப்பெயர் கன்னடத்தில் இருந்தது. நம்பரே போதும் என்று ஏறி, ஜன்னல் ஓரம் பிடித்து, ஜம்மென்று உட்கார்ந்தேன். கட்டிடங்கள் குறையக் குறைய, நகரத்துக்குள் போகும்போது இப்படி வயல் வராதே என்று உறைத்தது. அதே நம்பர் பஸ் எதிர்த்திசையிலும் ஓடும் என்பதை நான் யோசிக்கவில்லை. கண்டக்டர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, சுத்தமான தமிழில், "ஏம்மா, ஒசூருக்கே திரும்பிப் போயிடலாம்னு பாக்கறியா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. இறங்கி, சாலையைக் கடந்து, ஐ.டி. கம்பெனிகளின் குளிர்சாதன வண்டிகள் வரிசையாகப் போவதைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் நின்றேன்.

வகுப்பு நடந்தது ஆஸ்டின் டவுன் பக்கம் ஒரு பழைய பங்களாவில். உயரக் கூரை, நீள வராந்தா. நான் போய்ச் சேர்ந்தபோது மாநாட்டுக்குச் சீட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் இருபத்தைந்து பேர். மாநிலத்துக்கு இரண்டு பேர் வீதம் பன்னிரண்டு மாநிலங்கள். டப்பாவில் கடைசியாகக் கிடந்த ஒற்றைச் சீட்டு எனக்கு.

'ரோட் ஐலண்ட்.'

மனசுக்குள் குதித்தேன். மற்றவர்களுக்கு மாநிலத்தில் பாதி, எனக்கு முழு மாநிலம்! பக்கத்தில் இருந்த பையன் என் சீட்டை எட்டிப் பார்த்து, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தான். பெயர் கௌதம். ஆஸ்டின் டவுன்காரன், சட்டக் கல்லூரி. அவனுக்கு டெலவேர், மிகச் சின்ன மாநிலங்களில் ஒன்று.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. வா, பை-டூ அடிச்சிட்டுப் பேசலாம்."

பை-டூ என்றால் ஒரு காபியை இரண்டு கிளாஸில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவது. இந்த ஊரில் யாரும் அதற்குக் கூச்சப்படுவதில்லை. எங்கள் ஆம்பூரில் ஒரு டீயை இரண்டாக்கச் சொன்னால் கடைக்காரர் ஜாதகத்தையே விசாரிப்பார். இங்கே சர்வர் "ஒன் பை-டூ!" என்று கத்துகிறார், தீர்ந்தது. கூடவே சௌசௌ பாத்: தட்டில் ஒரு பக்கம் ரவா உப்புமா, மறு பக்கம் கேசரி. எல்லைக்கோடு குழைந்திருந்தது. சாம்பாரில் வெல்லம். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

காபி பாதி குடித்தபிறகு கௌதம் சொன்னான்: "பிலடெல்பியாக்கு ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பல, ரேவதி. பன்னெண்டு மாநிலந்தான் வந்துது. நீ எடுத்தது, வராத மாநிலம்."

வகுப்பை நடத்தியவர் ஒரு மேடம். நியாயமானவர், அதுதான் கஷ்டம். சீட்டை மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். "குலுக்கினது குலுக்கினதுதான்மா" என்றார். "மாநாட்டு ரெண்டு நாளும் நீ வராந்தா பெஞ்சில இருக்கணும். உள்ள வரக்கூடாது. வேணும்னா லெட்டர் எழுதி அனுப்பலாம். அங்கிருந்து சில வியாபாரிங்க அப்பிடித்தான் எழுதினாங்க."

"பேச்சுக்குத்தானே மேடம் மார்க்கு?"

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பேச்சுக்கான கட்டம் மார்க் ஷீட்டில் என் பெயருக்கு நேரே காலியாக இருக்கும் என்பது இருவருக்கும் தெரிந்தது.

இருந்தாலும் பாடம் என்னை விடவில்லை. மூடிய அறையில், ஜன்னல்களையும் சாத்திக்கொண்டு, கோடை முழுவதும் வேர்த்து விறுவிறுத்து அவர்கள் போட்ட சண்டை முக்கியமாக ஒன்றுதான். விர்ஜினியா மாதிரிப் பெரிய மாநிலம் சொன்னது: தலை எண்ணிக்கைப்படி ஓட்டுக் கொடு. சின்ன மாநிலம் சொன்னது: மாநிலத்துக்கு ஒரு ஓட்டு, எல்லாரும் சமம். கடைசியில் இரண்டு சபை வைத்தார்கள். ஒன்றில் தலைக்கணக்கு, ஒன்றில் மாநிலத்துக்கு இரண்டு பேர். படிக்கும்போது எளிதாகத்தான் இருந்தது. அதன் சூடு ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது.

ஞாயிறு காலை லைன் வீடுகளில் கூட்டம். மே மாத வறட்சியில் தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு முறையாகக் குறைந்துவிட்டது. எப்படிப் பங்கு போடுவது?

"வீட்டுக்கு இத்தனை குடம்னு வச்சிருவோம். எட்டு வீடும் சமம்" என்றார் சேகர் மாமா.

ஐந்தாம் வீட்டில் திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன்கள் ஐந்து பேர், கம்ப்யூட்டர் வேலை தேடி வந்தவர்கள். ஒருவன் பல் துலக்கியபடியே சொன்னான்: "அது எப்பிடிண்ணே? நாங்க அஞ்சு பேரு. நீங்க மூணு பேரு. தலைக்கு இவ்ளோன்னு போடுங்க."

"நீங்க அஞ்சு பேரும் குளிக்கிறதா எங்களுக்குத் தெரியலையே!" இது இரண்டாம் வீட்டு ஜன்னலிலிருந்து.

நான் படியில் உட்கார்ந்திருந்தேன், மயிர்க்கூச்செறிந்தது. விர்ஜினியா வாயில் பேஸ்ட் நுரையோடு பேசிக்கொண்டிருந்தது.

"சரிப்பா, தலைக்கணக்கே வச்சாலும் சின்னப் பசங்கள அரையா எண்ணலாம்" என்று மாமா இறங்கி வந்தார்.

"அப்ப உங்க பொண்ணு அரை ஆளாண்ணே?"

அக்கா உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தாள். "எவன் என் பொண்ண அரைன்னது? அவ யூனிபார்ம் துவைக்கவே முழு பக்கெட் வேணும்." சொன்னது தன் புருஷன்தான் என்பது தெரிந்தும் பையனைத்தான் முறைத்தாள்.

அரை மணி நேரத்தில் முடிந்தது. குடிக்கிற தண்ணீர் வீட்டுக்குச் சமம். குளிக்க, துவைக்கத் தலைக்கணக்கு. குழந்தைகளும் முழு ஆள். அமெரிக்காக்காரர்கள் ஒரு கோடை முழுக்கப் படாதபாடு பட்டதை இவர்கள் தோசைக்கல் காய்வதற்குள் முடித்துவிட்டார்களே என்று நான் வாய் பிளந்திருக்கையில், யாரோ கேட்டார்கள்: "எட்டாம் வீடு?"

எட்டாம் வீடு வரவில்லை. எட்டாம் வீடு எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. அங்கே இருப்பவர் சரோஜம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும், தனி ஆள், மெயின் ரோட்டில் இட்லிக் கடை. விடிவதற்கு முன்னால் சம்ப்பிலிருந்து தனக்கு வேண்டியதை இறைத்துக்கொண்டு போய்விடுவார். இந்த ஞாயிறு ஏழு வீடும் பொறுமையிழந்தன. அடுத்த ஞாயிற்றுக்குள் அவர் இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் சம்ப் மூடிக்குப் பூட்டு. சாவி மற்ற ஏழு வீட்டுக்கு மட்டும்.

திங்கட்கிழமை வகுப்பில் அந்த அரைக் கணக்கு என்னைத் தேடி வந்தது. தலை எண்ணும்போது, தெற்கு மாநிலங்களில் அடிமைகளாக வைத்திருந்த மனிதர்களை ஐந்தில் மூன்று பங்காக எண்ணினார்கள் என்று மேடம் கரும்பலகையில் எழுதினார். ஓட்டு அவர்களுக்கு இல்லை. எண்ணிக்கை மட்டும் எஜமானர்களின் பலத்துக்கு. வகுப்பு எழுதிக்கொண்டது. கௌதம் பேனாவை மூடி வைத்தான்.

"மேடம், அஞ்சுல மூணுன்னு சொன்னவங்க எதிர்ல, அந்த ஆளுங்கள்ல ஒருத்தராவது இருந்தாங்களா, அந்த ரூம்ல?"

"இல்லப்பா."

"அதான். இல்லாத ஆளத்தான் பங்கு போட முடியும்." கொஞ்சம் நிறுத்தி, "எங்க வீட்டு ஹால்ல, புத்தர் பக்கத்துல, நம்ம சட்டத்த எழுதினவரோட படம் இருக்கு, மேடம். எங்க தாத்தா தெனமும் அவருக்கு வணக்கம் சொல்லிட்டுத்தான் கூலி வேலைக்குப் போவாரு. ஏன்னு எனக்கு இன்னிக்குத்தான் சரியாப் புரியுது" என்றான்.



மறுநாள் காலை ஐந்தரைக்கு சரோஜம்மா கடைக்குப் போனேன். ஆவி, தேங்காய்ச் சட்னி, ஷிப்ட்டுக்குப் போகிற கூட்டம். அவர் கன்னடத்தில் பேச நான் தமிழில் பேச, நடுவில் இட்லி இரண்டு மொழியிலும் இட்லிதான்.

"நீங்க ஏன் கூட்டத்துக்கு வர்றதில்ல?" என்று நேராகக் கேட்டேன்.

சிரித்தார். எனக்குப் பிடிபட்ட வரை அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "வந்தா என்ன ஆகும், கண்ணு? எட்டுல ஒண்ணு நான். கை தூக்கச் சொல்வாங்க, ஏழு கை ஒரு பக்கம் போகும். முடிஞ்சுது. வீட்டுக்கணக்குன்னாலும் எனக்குப் பத்தாது, தலைக்கணக்குன்னா இன்னும் மோசம், ஒரு தலை. அரிசி ஊற வைக்க, பாத்திரம் கழுவ யார் எண்ணுவாங்க? வராம இருந்தேன்னா, ஏழு வீடும் என் கதவத் தட்டி வருது. இதோ, நீயே வந்திருக்கே பார்."

"பூட்டுப் போடப் போறாங்களாமே?"

தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டே, "போடட்டும்" என்றார். ஆனால் சட்னி இட்லிக்கு வெளியே வழிந்தது.

நான் பஸ்ஸில் (சரியான திசையில்) போகும்போது ரோட் ஐலண்டை முதல் முறையாகப் புரிந்துகொண்டேன். துறைமுகத்தை நம்பிப் பிழைத்த சின்ன மாநிலம். பழைய சட்டப்படி, திருத்தம் என்றால் பதின்மூன்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை இறக்குமதி வரியை இவள் ஒருத்தியே 'மாட்டேன்' என்று நிறுத்திக் காட்டியிருக்கிறாள். அதனால்தான் மாநாட்டில் ஒன்பது மாநிலம் போதும் என்று விதியையே மாற்றினார்கள். பிற்பாடு இவளுடைய வியாபாரத்தை மூடிவிடுவோம் என்று மிரட்டியபோதுதான், எல்லாருக்கும் கடைசியாக உள்ளே வந்தாள். பூட்டும் சாவியும் அன்றே இருந்திருக்கிறது.

மாநாட்டின் முதல் நாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மூன்று கடிதம் எழுதிக் கதவிடுக்கில் தள்ளினேன். இரண்டு, மேஜையில் டீ கிளாஸுக்குக் கீழே போயின என்று பிறகு தெரிந்தது. மூன்றாவதில் ஒரே வரி: குடிமக்களின் உரிமைகளை முதலில் எழுதுங்கள், பிறகு நான் வருகிறேன்.

இரண்டாம் நாள் மதியம் உணவுக்குப் பின் மேடம் வெளியே வந்தார். பாவம், அவருக்கும் மனசு கேட்கவில்லை.

"ரேவதி, உள்ள வாம்மா. அஞ்சு நிமிஷம் தர்றேன். பேசு. இல்லேன்னா உனக்கு மார்க் போட எனக்கு வழியே இல்ல."

எழுந்துவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: பேச்சு தயாராக இருந்தது, மனப்பாடம், கைச்சைகை உட்பட. கதவு வரை போனேன். உள்ளே பன்னிரண்டு மேஜைகள். சரோஜம்மா சொன்னது நினைவுக்கு வந்தது: எட்டுல ஒண்ணு நான், ஏழு கை ஒரு பக்கம். என் உரிமைப் பட்டியல் உள்ளே கை தூக்கலில் ஏற்கெனவே ஒரு முறை தோற்றிருந்தது.

"மேடம், நான் வெளியவே இருக்கேன். அவங்களுக்கு வேணும்னா வரட்டும்."

"யோசிச்சுச் சொல்றியா?"

"யோசிச்சுத்தான் மேடம்."

உள்ளே கௌதம் தலையில் கை வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் அவன்தான் முதலில் வெளியே வந்தான். "லூஸா நீ? உள்ள வந்து பேசிட்டுப் போயேன்! அமெரிக்கா வேணாமா?"

"டெலவேர் என்ன சொல்லுது? உரிமைப் பட்டியல் உண்டா, இல்லையா?"

முறைத்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தான். "உண்டு. எழுது."

பதின்மூன்றும் சேர்ந்தால் இன்னும் கெத்தாக இருக்கும் என்று கனெக்டிகட் வந்தது. நியூஜெர்சி வேடிக்கை பார்க்க வந்தது. மழை பிடித்துக்கொண்டது, இந்த ஊர் மே மாத மழை சொல்லிக்கொண்டு வராது. நாலு மணிக்கு உள்ளே இருந்ததைவிட வராந்தாவில் கூட்டம் அதிகம். கடைசியில் விர்ஜினியாவே வந்தாள்: ஷோபா, ஹுப்பள்ளிக்காரி, இரண்டு நாளும் அறையைக் கட்டிப்போட்ட பேச்சுக்காரி. பெஞ்சின் முனையில் உட்கார்ந்து, "சரி, எது எது வேணும், சொல்லு" என்றாள். உரிமைகள் ஒரு முழுப் பக்கம் சேர்ந்தது. வரலாற்றில் அதற்கு இன்னும் சில வருஷம் ஆனது. நாங்கள் ஒரு மழைக்குள் செய்தோம்.

மார்க் ஷீட்டில் என் கட்டம் காலியாகவே இருந்தது. அமெரிக்கா ஷோபாவுக்கு. அவளுக்குக் கை கொடுத்தபோது, "அந்த உரிமைப் பக்கத்த நான் அங்க கொண்டுபோறேன்" என்றாள். அவளை வெறுக்க முயன்றேன், முடியவில்லை. பஸ்ஸில் அழுதேனா? அடுகோடி ஸ்டாப் தாண்டும்வரை. அப்புறம் பசித்தது.

இது சனிக்கிழமை மாலை. நாளை பூட்டு வரும். ஆம்பூர் போக வேண்டிய நான் போகவில்லை. அக்கா வீட்டுத் தரையில் ஒரு தாளை விரித்து வைத்திருக்கிறேன். தமிழில் நான் எழுதினேன். கீழே கன்னடத்தில் கௌதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். மூன்றே வரி. சம்ப்புக்குப் பூட்டு கிடையாது. பிழைப்புக்குத் தண்ணீர் வேண்டிய வீட்டுக்குத் தனியாக ஒரு டிரம். இந்த விதியை மாற்ற வேண்டுமானால் இத்தனை வீடு சம்மதிக்க வேண்டும்; எண்ணுக்கு மட்டும் இடம் காலி.

மாமா படித்துப் பார்த்தார். "எத்தனை வீடுன்னு எழுதலையே?"

"அத சரோஜம்மா எழுதட்டும் மாமா."

"ஏழுன்னு போட்டா நாம தப்பிச்சோம். எட்டுன்னு போட்டா அந்தம்மா ஒத்த ஆளா எல்லாத்தையும் நிறுத்துமே?"

"ஆமா."

"தெரிஞ்சே குடுக்கறியா?" என்றார். ஆனால் தாளைத் திருப்பித் தந்தார்.

கூட்டம் இந்த முறை முற்றத்தில் இல்லை. காலை ஐந்து மணிக்கு, இட்லிக் கடையில். ஆறு வீட்டை எழுப்பிக் கூட்டி வருவது அக்கா பொறுப்பு. ஐந்தாம் வீட்டுப் பையன்களுக்கு இட்லி என்ற ஒற்றை வாக்குறுதி போதுமாம். ஏழு வீடும் போய் அந்த ஆவிக்கு முன்னால் நிற்கப் போகிறோம். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சரோஜம்மா கையைத் துடைத்துக்கொண்டதும், பேனாவை அவரிடம் நீட்டுவது.